பட்டால் சொல்லுங்கோ

கிளினிக் கொப்பிக்குப் பழைய கலண்டர் தாளாலை
உறை போட்டுத் தந்தவன் மகன்.
நாப்பத்தேழாம் நம்பர்.
பெரியாஸ்பத்திரி வாங்கிலை எனக்கு முன்னாலை
நாப்பத்தாறு கொப்பி, நாப்பத்தாறு பேரின்ரை சீனி.
பக்கத்திலை இருந்தவர்
ஒரு பக்கக் காற்சட்டையை முழங்காலோடை மடிச்சு
ஊசி குத்தியிருந்தார். நான் கூரையைப் பாத்தன்.

"அருளப்பு! சந்தியோகு அருளப்பு!"

நேர்ஸ் பிள்ளை காலை நீட்டச் சொன்னா.
பேனை மாதிரி ஒரு பிடி.
அதின்ரை நுனியிலை
விரல் நீளத்துக்கு ஒரு நைலோன் நரம்பு.
எனக்குச் சிரிப்பு வந்திட்டுது.
பிள்ளை, இது தங்கூசியெல்லோ.
முப்பத்தெட்டு வருசமா என்ரை கையிலை கிடக்கிற சாமான்.
இதை வைச்சோ வருத்தம் பாக்கிறியள்?

"கண்ணை மூடுங்கோ ஐயா. பட்டாச் சொல்லுங்கோ."

பட்டால்.
கடலிலை நாங்களும் அதைத்தான் கேக்கிறது,
பட்டுதோ, என்ன பட்டுதெண்டு.
நடுச்சாமத்து இருட்டிலை
ஆள்காட்டி விரலிலை நூலைக் கொளுவிக்கொண்டு இருந்தால்
விளைமீன் கொத்திக் கொத்திப் பாக்கும்.
பாரைக்குப் பொறுமை இல்லை, ஒரே இழுவை.
நண்டெண்டால் சும்மா பாரம்.
விரல் சொல்லும்.
விரல் எனக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

கண்ணை மூடினன்.
மேலே காத்தாடிச் சத்தம்.
பிள்ளை தொட்டு எடுக்கிற தாளத்தைப் பிடிச்சிட்டன்.
"பட்டுது... பட்டுது... பட்டுது..."

"ஐயா, நான் இன்னும் வைக்கவேயில்லை."

திரும்பவும் மூடினன்.
கனநேரம் ஒரு சத்தமும் இல்லை. களவாக் கண்ணைத் திறந்தன்.
பெருவிரல் அடியிலை அந்த நரம்பு
பெருமீன் பட்டதுபோலை வளைஞ்சு நிக்குது.
என்ரை கால்.
எனக்கு ஒண்டும் தெரியேல்லை.

போன மாதம் வீட்டுச் சீமெந்திலை
சிவப்புப் பொட்டுப் பொட்டா இருந்தது.
ஆரின்ரை ரத்தமெண்டு திரேசி தேடித் தேடி
என்ரை கதிரைக்குக் கீழை வந்து நிண்டாள்.
குதியிலை சிப்பியோடு, அரை அங்குலம்.
நோகேல்லையடி, எண்டு பெருமையாச் சொன்னன்.
எங்கடை ஊரிலை நோய்க்குப் பேர் வருத்தம்.
இது வருத்தாத வருத்தம்.

டொக்டர் பிள்ளை என்ரை மகளிலும் இளசு.
"தொழிலுக்குப் போற நாளிலை வயித்தைக் கலக்குமெண்டு
குளிசை போடுறேல்லை."
"கிழமையிலை எத்தினை நாள் தொழில்?"
"ஆறு."
பேனையை வைச்சிட்டு என்னையே பாத்தா.
முதல்நாள் பட்டினி கிடந்து சீனியைக் குறைக்கிற என்ரை வித்தையும்
அண்டைக்கு வாய்க்கேல்லை.
ரத்தம் மூண்டு மாதக் கணக்கு வைச்சிருக்காம்.
ஒன்பது தசம் எட்டு.
பிளேன்ரீக்குக் கடிக்கிற பனங்கட்டி சீனியில்லை எண்டு
நான் பேசின வழக்கும் தோத்துப்போச்சு.

நரம்பைப் பற்றிச் சொன்னா.
எனக்கு இஞ்சின் வயர் ஞாபகம் வந்தது:
உப்புக்காத்திலை உள்ளுக்குள்ளை பச்சை பூத்து,
வெளியிலை பாத்தால் புதுசு.
நீளமான வயர்தான் முதல் சாகும்.
காலுக்குப் போறதுதான் உடம்பிலை நீளமாம்.
செத்தது திரும்புறது கஷ்டம், மிச்சத்தைக் காப்பம் எண்டா.
மெல்லக் கரையிற குளிசை,
ராச்சாப்பாட்டோடை. ஒருநாளும் விடக்கூடாது.
வெறுங்காலோடை நடவாதேங்கோ.
சுடுதண்ணியிலை காலை வைக்காதேங்கோ.
கால் இனிச் சொல்லாது, கண்ணாலை பாருங்கோ.

பின்னேரம் திரேசி
சாமிப்படத்துக்குக் கீழை கிடந்த முகக்கண்ணாடியை எடுத்து
என்ரை பாதத்துக்குப் பிடிச்சாள்.
கலியாணம் கட்டி முப்பது வருசம்,
என்ரை உள்ளங்காலை நான் பாத்தது அண்டைக்குத்தான்.
வெடிச்ச குளத்து மண்.

கண்ணை மூடு, எண்டாள்.
பட்டுதோ?
படேல்லை.
பட்டுதோ?
படேல்லையடி.
கணுக்காலுக்கு மேலை வரேக்கைதான்
அவளின்ரை விரல் எனக்குக் கிடைச்சுது.

மூண்டு மணிக்கு எழும்பினன்.
வள்ளத்திலை சப்பாத்தோ எண்டு பொடியள் சிரிப்பாங்கள்.
சிரிக்கட்டும்.
கவிட்டுத் தட்டினன்.
ஒண்டும் விழேல்லை.
இன்னொருக்காத் தட்டினன்.